கடல் கடந்த முளைப்பாலிகை

என் வயலில் விளைந்த விதை கடல் கடந்தால் முளைக்காது என்று எங்கள் ஊரில் ஓராண்டாக ஒரு பேச்சு உலவி வருகிறது. விவசாய சங்கக் கூட்டத்தில் விதைத் தேர்வைப் பற்றி நான் பேச எழுந்தால் பின்வரிசையில் யாரோ இருமுகிறார்கள். கோலாலம்பூரில் என் தம்பி மகளின் திருமணத்தில் நடந்ததை அரைகுறையாகக் கேட்டு வந்தவர்கள் செய்த வேலை இது. இதுவரை நான் மறுமொழி கூறவில்லை. கூறியிருந்தால் வேறொருவருடைய மானம் போயிருக்கும். அவரே சென்ற மாதம் தம் வீட்டுக் கூடத்தில், உறவினர் அனைவர் முன்னிலையிலும், நடந்ததைத் தம் வாயால் சொல்லிவிட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறான். ஆகவே இனி எழுதலாம்.

எங்கள் மரபில் திருமணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே, பெண் வீட்டிலும் பிள்ளை வீட்டிலும் தனித்தனியே, ஐந்து சுமங்கலிகள் மண்கிண்ணங்களில் நவதானியம் தெளிப்பார்கள். அதுவே முளைப்பாலிகை. மணநாளன்று இரு வீட்டுக் கிண்ணங்களும் மேடைக்கு வரும். சபையோர் முளையைக் கண்ட பின்னரே தாலி. முளை செழித்தால் குலம் தழைக்கும் என்பார்கள். செழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் கல்லூரியில் தாவரநூல் பயின்றவன். முளைக்கும் மணவாழ்வுக்கும் தொடர்பு உண்டென்று நம்புகிறவனல்லன். ஆயினும் நம்புகிறவர்கள் நடுவில்தான் பெண்ணைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மணமகனின் வீடு கிள்ளானில். அவர்கள், மஸ்ஜித் இந்தியா பக்கத்துக் கடைகளில் நவதானியமும் கிடைக்கும், இரு வீட்டுக்கும் சேர்த்தே வாங்கிவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடைத் தானியம் சமையலுக்கு, சடங்குக்கு அன்று, என் வயல் விதை வருகிறது என்று நான் பதில் சொல்லச் செய்தேன். அந்தப் பதில் கிள்ளானில் நன்றாகப் பரவியிருந்ததென்பதைப் பின்னால் அறிந்தேன்.

விதைகளை நெய் டின் ஒன்றில் இட்டு, ஈயம் வைத்து அடைத்து, கப்பலில் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன். கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி ரிக்‌ஷாவில் ஏறியபோதும் மடியிலேயே இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் தம்பி வீட்டுத் தெருமுனையில் சக்கரம் சேற்றில் புதைந்தது. இழுத்து வந்த சீனர் மூச்சு வாங்கியபடி ஏதோ சொன்னார். தம்பி சண்முகம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தான்.

"அந்தக் கிழவர் இறங்க வேண்டாமாம். மடியில இருக்கிற இரும்பை மட்டும் இறக்கினாப் போதுமாம், அண்ணா."

நான் டின்னோடு இறங்கி நடந்தேன். மழை அப்போதே பிடித்துக்கொண்டது.

சண்முகம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே காரியாலயத்தில் குமாஸ்தா. அவன் மனைவி கமலம் நல்ல குடும்பத்துப் பெண். ஒரே மகள் சிவகாமி. வீட்டின் பின்புறத்தில், நம்மூர்க் கொட்டை ஒன்றிலிருந்து எழுந்த மாமரம் கூரையை மூடி நின்றது. அத்தனை அடர்ந்த மாமரத்தை நான் தஞ்சைச் சீமையில் கண்டதில்லை. காய்த்ததா என்று கேட்டேன்.

"இலைதான், பெரியத்தான்," என்றாள் கமலம். "கூட்டிக் கூட்டிக் கை ஓயுது. ஒரு வருஷமாச்சும் பூத்திருக்கணுமே."

காரணம் எனக்கு விளங்கிற்று. நம்மூரில் மார்கழிப் பனியும் அதன்பின் வரும் வறண்ட காற்றும் மாமரத்தை ஒரு தடவை மிரட்டுகின்றன. மிரண்ட மரம் பூக்கிறது. இங்கே மிரட்டுவார் இல்லை. ஆண்டு முழுவதும் ஒரே வெக்கை, ஒரே ஈரம். மரம் வயிறு நிரம்பியவனைப் போல் இலைவிட்டுக்கொண்டே இருக்கிறது. இதைச் சண்முகத்துக்கு விளக்கியபோது, இதே ஈரம் நான் கொண்டுவந்த விதைக்கும் பகையாகலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று பகல் சோற்றுக்கு வெள்ளை வெளேரென்று தண்டு தண்டாக ஒரு பொரியல் வந்தது. பெயர் தவுகே என்றாள் கமலம். சீனர்கள் பச்சைப்பயற்றைத் தொட்டியில் இட்டு, மேலே பாரம் வைத்து, இருட்டில் நீர் தெளித்து வளர்ப்பதாம். மறுநாள் அவளோடு பாசார் என்னும் சந்தைக்குப் போனபோது நேரிலும் பார்த்தேன். ஒரு சீனமூதாட்டி மரத்தொட்டியிலிருந்து பிடிபிடியாக அள்ளி நிறுத்துக்கொண்டிருந்தாள். பருத்த வெண்தண்டு, மஞ்சள் தலை, கீழே பழுப்பு நூல் போன்ற வேர். வெளிச்சம் காணாமல் வளர்ந்த முளை நீளும், பருக்கும், ஆனால் தனித்து நிற்க வலுவிராது. கறிக்கு அதுவே போதும்.

அன்று மாலையே சுமங்கலிகள் ஐவரும் வந்து பாலிகை தெளித்தார்கள். வண்டல் மண்ணும் தொழுவுரமும் நிரப்பி, விதையைத் தெளித்து, நீர் வார்த்து, ஈர வேட்டியால் மூடி, சன்னல் இல்லாத உள்ளறையில் வைக்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் தலைமுறைகளாக அதுதான் முறை. கமலம் ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே போனாள்.

இரண்டு நாள் கழித்துச் சம்பந்தி வீட்டுக்கு மரியாதைக்காகக் கிள்ளான் புறப்பட்டோம். பாதிவழியில் ரயில் நின்றது. இருபுறமும் தண்ணீர், தண்டவாளம் மட்டும் கரும்பாம்பு போல் தெரிந்தது. எங்கள் பின்னால் இருந்த இரு மலாய்ப் பெண்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். கிள்ளான் வரை போய் மீன் வாங்குவானேன், இங்கேயே பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று ஒருத்தி சொன்னதாகச் சண்முகம் தெரிவித்தான். ரயில் நகர்ந்து கிள்ளான் சேர்ந்தபோது பகல் உணவு வேளை கடந்திருந்தது. நேரம் தவறிச் செல்வது என் பழக்கமன்று. அந்த மனவருத்தத்தோடுதான் அவர்கள் வாசலில் நின்றேன்.

மணமகனின் தாயார் தையல்நாயகி அம்மாள், கணவரை இழந்தவர், அதிகம் பேசாதவர். வீட்டின் குரல் அவர் தம்பி வேலாயுதத்தினுடையது. லோரி வைத்து ஆற்றோரத்திலிருந்து தேங்காய் ஏற்றும் தொழில். வெயில் அடிக்கும் வேளையிலும் நான் கக்கத்தில் குடை வைத்திருந்ததைக் கண்டு அவர் சிரித்தார்.

"வச்சுக்குங்க, பெரியவரே, வச்சுக்குங்க. இந்த ஊரு வானத்த மட்டும் நம்பாதீங்க. இப்பச் சிரிக்கும், நீங்க திரும்பறதுக்குள்ள ஊத்தும்லா."

எனக்கென்று தனியே சைவமாகச் சமைத்திருந்தார்கள். ஆப்பமும் தேங்காய்ப்பாலும் நன்றாகவே இருந்தன. வேலாயுதம் எதிரே அமர்ந்து நண்டை உடைத்துக்கொண்டே பேசினார்.

"உங்க வயல் வெதையாமே. கடை வெதை ஆவாதாமே."

"ஆம்," என்றேன்.

"நல்லது. நான் ஒளிக்காமச் சொல்லிடறேன். எங்க அக்கா மூத்த மவன் கல்யாணத்துல பொண்ணு வீட்டு முளை அழுகிப் போச்சு. பரவால்லன்னு தாலி கட்டினோம். வருஷம் திரும்பல, அந்தப் பொண்ணு பிரசவத்துல போய்ட்டா. தாய்மாமன் நாந்தான் தாலிய எடுத்துக் குடுக்கணும். இந்தத் தடவ முளை நிக்கலன்னா, என் கை தாலியத் தொடாது."

தையல்நாயகி அம்மாள் தலை நிமிராமல் என் இலையில் சர்க்கரை வைத்தார். சண்முகத்தின் முகம் வெளுத்துவிட்டது. பேச்சை மாற்றும் பொருட்டு, உங்கள் வீட்டுப் பாலிகை எப்படி வருகிறது என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"உள்ள இருட்டுல இருக்கு, சம்பந்தி. முளைக்கிறப்ப வேத்தாளு கண்ணு படக்கூடாது."

அந்த அறைப் பக்கமிருந்து இலேசாகப் புளித்த வாடை வந்தது. பக்கத்து ஆற்றுச் சேறு என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு உள்ளறையைத் திறந்தபோது அதே வாடை முகத்தில் அடித்தது.

ஈர வேட்டியை எடுத்தேன். கிண்ணங்களின் மேல் பஞ்சு விரித்தாற்போல் வெண்பூஞ்சணம். கொண்டைக்கடலை கூழாகியிருந்தது. கோதுமை கறுத்திருந்தது. பயறு முளைத்துத்தான் இருந்தது. ஆனால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர்கோத்து மெலிந்து, ஒவ்வொன்றும் படுத்துக் கிடந்தது. விரலால் தொட்டதும் அறுந்து வந்தது.

கமலம் கதவைச் சாத்திவிட்டு என் அருகே வந்தாள்.

"பெரியத்தான், யாருக்கும் தெரிய வேணாம். பாசார்ல தவுகே இருக்கு. கல்யாணத்தன்னைக்கு விடியக்காலையில வாங்கிட்டு வந்து மண்ணுல குத்தி வச்சுட்டா யார் பாக்கப் போறா? தாலி ஏறிட்டாப் போதும்."

"கறிக்கு வாங்குவதைக் கையில் ஏந்திக்கொண்டு பெண் மணவறையைச் சுற்றுவதா?" என்றேன். "என் வீட்டுக் கிண்ணத்தில் பொய்யை நட மாட்டேன்."

"உங்களுக்கு வாக்குப் பெருசு. எனக்கு அவ ஒருத்திதான்."

சிவகாமி கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கதவைத் திறந்து, கிண்ணங்களை ஒருமுறை பார்த்து, அழாமலே கேட்டாள்.

"பெரியப்பா, இது முளைக்கலன்னா, நான்தான் அழுகினவன்னு சொல்லுவாங்களா?"

"நீ சாப்பிடப் போ, அம்மா," என்றேன்.

பின்வாசலில் நாற்காலியைப் போட்டு, மழையைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் யோசித்தேன். விதையில் குறையில்லை, டின்னில் மிச்சமிருந்தவற்றைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தேன், கல்லென்று இருந்தன. நாங்கள் பாலிகை தெளிப்பது பெரும்பாலும் தையிலும் வைகாசியிலும். அப்போது நம்மூர்க் காற்று மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; ஆகையால் மூடுகிறோம், அடிக்கடி நீர் தெளிக்கிறோம். இங்கு ஐப்பசி. நம்மூர் ஐப்பசியிலும் மழை உண்டு. ஆனால் மழையோடு குளிரும் வரும், பூஞ்சணம் விரைந்து பரவாது. இந்த ஊரில் மழையும் வெக்கையும் ஒரே பாயில் படுத்திருக்கின்றன. காற்றே ஈரமாக இருக்கும்போது மண் எதற்கு ஈரத்தை விடும்? விதைக்கு நீர் வேண்டும், மூச்சும் வேண்டும். தலைமுறை தலைமுறையாக வந்த முறையைக் கொண்டு நான் விதையின் மூக்கை அடைத்துவிட்டேன்.

எழுந்தேன். சண்முகத்தை அனுப்பி ஆற்றுமணல் வரவழைத்தேன். அதைக் கழுவி, பூஞ்சணம் சாக வாணலியில் இட்டு வறுக்கச் சொன்னேன். கமலம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்; ஆனாலும் வறுத்தாள். புதுக் கிண்ணங்களின் அடியில் ஆணியால் துளையிட்டேன். விதையை ஊறவைத்து, வடித்து, அடுப்புச் சாம்பலில் புரட்டி வைத்தேன். நெருக்கமாகத் தெளிக்கக் கூடாது, எதைக் கொண்டும் மூடக் கூடாது, இரவில் அடுப்புக்கு மேலுள்ள பலகையில் இருக்க வேண்டும், காலையில் வெயில் எட்டிப் பார்த்தால் முன்வாசலுக்கு வர வேண்டும் என்று கட்டளையிட்டேன்.

"யாருக்கும் தெரியாம நாமளே தெளிச்சுக்கலாமா, அண்ணா?" என்றான் சண்முகம்.

"சடங்கு ஐவர் கையால்தான் நடக்கும். அதே ஐவரையும் அழைத்து வா."

ஐவரும் வந்தார்கள். தெளித்தார்கள். போகும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்குத் தங்கை கிள்ளானில் இருக்கிறாள் என்பதைக் கமலம் பிறகு சொன்னாள்.

அடுத்துவந்த நாட்களில் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. வெயில் வரும், கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் தகரக் கூரையில் மழை பறையடிக்கும். கலியாணக் கச்சேரிக்கு வந்த நாதசுரக்காரர் என்னைக் கண்டு, "என்னா சார், கைக்குழந்தையா?" என்றார். நான் சிரிக்கவில்லை.

திருமணத்துக்கு முதல்நாள் பிற்பகலில் வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. சேறு தெறித்த சட்டையோடு வேலாயுதம் இறங்கினார். உள்ளே வரவில்லை.

"ரெண்டாந்தரம் தெளிச்சீங்களாமே, பெரியவரே."

"ஆம்."

"மொதத்தரம்?"

"அழுகிவிட்டது."

அவர் நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்து வந்திருக்க வேண்டும்.

"உங்க வயல் வெதைன்னு சொன்னீங்க."

"விதை என்னுடையது. காற்று உங்களூருடையது."

"பேச்சு நல்லாத்தான் பேசறீங்க. நாளைக்குச் சபையில பாப்போம். முளை நிக்கலன்னா பந்தியில உக்காரக் கூட எங்காளு ஒருத்தன் வர மாட்டான்."

லோரி போனபின் சண்முகம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அடுப்படிக்குச் சென்று பார்த்தேன். மணலில் ஆங்காங்கே வெடிப்புக் கண்டு, பயறு வளைந்த கழுத்தை மட்டும் காட்டியிருந்தது. அவ்வளவுதான்.

மணநாள் காலையில் எங்கள் கிண்ணங்கள் மேடைக்குப் போயின. பயறும் உளுந்தும் கொள்ளும் ஓர் அங்குல உயரம் நின்றன. நெல் ஊசிமுனையாக எட்டிப் பார்த்தது. எள் மண்ணை ஒட்டி இரண்டு சிற்றிலைகளை விரித்திருந்தது. மற்ற நான்கும் வெளிவரவில்லை. வந்தவை ஐந்தும் பச்சையாக இருந்தன, நிமிர்ந்து இருந்தன. அத்தாப்பு ஓலை வேய்ந்த பந்தலில் முன்வரிசையிலிருந்து முணுமுணுப்புக் கிளம்பியது. "இவ்வளவுதானா?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

பிறகு தையல்நாயகி அம்மாள் தம் வீட்டுக் கிண்ணங்களைச் சுமங்கலிகள் கையில் கொடுத்து மேடையில் வைக்கச் செய்தார்; மேல்துணி விலகியது.

சபையே மூச்சிழுத்தது. கிண்ணம் கொள்ளாமல், ஒரு சாண் உயரத்துக்குப் பருத்த வெண்முளைகள். வேலாயுதம் தொடையைத் தட்டினார். "கிள்ளான் மண்ணுலா இது!"

நான் குனிந்து பார்த்தேன். நெல்லின் ஊசி இல்லை. எள்ளின் இரட்டை இலை இல்லை. எல்லாம் ஒரே தண்டு, ஒரே மஞ்சள் தலை. மண் அடிப்புறத்தில் குவித்து அழுத்தப்பட்டிருந்தது. அழுத்தாவிட்டால் அவை நிற்கமாட்டா. பாசாரில் சீனமூதாட்டி பிடிபிடியாக நிறுத்துக் கொடுத்த தவுகே, வேறொன்றுமன்று. கிள்ளானில் அன்று வந்த வாடை என்னவென்று அப்போது புரிந்தது.

"பெரியவரே," என்றார் வேலாயுதம், சபை முழுதும் கேட்கும்படி. "நீங்க காலேஜு படிச்சவரு. வெதையப் பத்திக் கூட்டம் போட்டுப் பேசுறவரு. நீங்களே சொல்லுங்க. எது முளை?"

பந்தலில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு முளையைப் பிடுங்கிக் காட்டினால் போதும். எங்கள் வீட்டு மானமும் என் பெயரும் அந்தக் கணமே நிமிர்ந்துவிடும். ஆனால் சண்முகத்தின் மகள் தாலியில்லாமல் மணையிலிருந்து எழுந்து உள்ளே போவாள்.

தையல்நாயகி அம்மாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையைக் கையில் முறுக்கியபடி, சிவகாமியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்க்கும் பார்வை அது.

"உங்கள் வீட்டுக் கிண்ணம் நிறைந்திருக்கிறது," என்றேன். "எங்கள் வீட்டுக் கிண்ணம் குறைந்திருக்கிறது. குறைவு எங்கள் பக்கம் இருக்கட்டும். முகூர்த்தம் தவறுகிறது, தாலியை எடுங்கள்."

வெற்றி பெற்றவருக்குத் தாராளம் எளிதில் வருகிறது. "சரிதான், குட்டையோ நெட்டையோ, முளைச்சிருக்குல்ல," என்று சிரித்தபடி வேலாயுதம் தாலியை எடுத்து மருமகன் கையில் கொடுத்தார். அந்தச் சிரிப்பைத்தான் யாரோ எங்கள் ஊர் வரை சுமந்து வந்திருக்கிறார்கள்.

மாலையில் பாலிகையை நீரில் விட, பிரிக்பீல்ட்ஸுக்குப் பின்னால் ஓடும் ஆற்றுக்குப் போனோம். நான் வந்த நாள்முதல் அன்றுதான் வானம் முழுவதும் வெளுத்திருந்தது. கரைமேட்டில் வேலாயுதமும் மற்றவர்களும் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்கள். படித்துறையில் நானும் தையல்நாயகி அம்மாளும் மட்டும் இறங்கினோம்; தம் வீட்டுக் கிண்ணங்களை அவர் பிறர் கையில் தரவில்லை.

"பாத்துட்டீங்க," என்றார் அவர்.

"பார்த்தேன்."

"எங்களுதும் அழுகிப் போச்சு, சம்பந்தி. நீங்க வந்த அன்னைக்கே. என் மூத்த மருமவ முளையாலயா செத்தா? வயித்துப் புள்ளக்காரிகிட்ட அதையே சொல்லிச் சொல்லி, ராவும் பகலும் பயந்தே கெடந்தா. அந்தப் பேச்சு இந்தப் பொண்ணு தலையிலயும் விழக்கூடாதுன்னு நெனச்சேன். உங்க வீட்டுல நல்லா வந்திருந்தா எங்களுத உடைச்சுப் போட்டிருப்பேன். ரெண்டு பக்கமும் போச்சுன்னா தம்பி தாலியத் தொடமாட்டான், அதான் ரெண்டாந்தரம்னு கேட்டதும் பாசாருக்குப் போனேன்."

நான் எங்கள் கிண்ணங்களைக் கவிழ்த்தேன். வேர்கள் மணலைப் பிணைத்திருந்தன; கிண்ணத்தின் வடிவிலேயே கட்டியாக இறங்கி, நீருக்கடியில் நின்றன. அவர் தம் கிண்ணங்களைக் கவிழ்த்தார். மண் உடனே கரைந்து போயிற்று. தவுகே முழுவதும் மேலே வந்து, வெள்ளை வெளேரென்று, பழுப்பு நீரில் பரந்து மிதக்கத் தொடங்கியது. சந்தைக்குப் போய்வந்த எவரும் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள். அந்த அம்மாள் முழங்காலளவு நீரில் இறங்கி, இரு கைகளாலும் அதை ஓட்டத்துக்குத் தள்ளினார். அது சுழன்று கரைக்கே திரும்பி வந்தது.

மேட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் குடையை விரித்து, அவருக்குப் பின்னால், கரையில் இருப்பவர்கள் பார்வையை மறைத்து நின்றேன்.

"என்னா, பெரியவரே," என்று மேலிருந்து கேட்டார் வேலாயுதம். "வெயிலும் இல்ல, மழையும் இல்ல. எதுக்குக் குடை?"

"இந்த ஊர் வானத்தை நம்பக் கூடாதென்று நீங்கள்தானே சொன்னீர்கள்," என்றேன்.

ஆற்றின் வளைவில் கடைசி முளை மறைகிற வரையில் குடையை மடக்கவில்லை.